தையல் மெஷினுக்குப் போட்ட எண்ணெய்

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு நலமாக இருக்க வேண்டும். அப்பாவும் நலம் என்று வழக்கம்போல அடுத்த வரியை எழுத வந்தேன், பேனா நகரவில்லை. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

கோழிக்கூண்டுக்குப் புதுக் கதவு போட்டாயிற்று. புது என்றால் உன் அறையின் பழைய ஜன்னல்தான், கீல் மட்டும் உடைந்த பீரோவிலிருந்து கழற்றியது. கூரைத் தண்ணீர் விழுகிற பீப்பாய் ஓட்டை விட்டது, செருப்பு ரப்பரை வெட்டி அடைத்தோம், இன்னும் சொட்டுகிறது, சொட்டுகிற இடத்தில் கீரை போட்டுவிட்டேன். நீ பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன பையே மாவு மூட்டைத் துணியில் தைத்ததுதானே, மூட்டையின் எழுத்து வெளியே தெரிகிறதென்று ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்தாய். அன்றைக்குக் கோபத்தை முகத்துக்கு நேராகக் காட்டினாய், அந்தப் பாப்பாவை எனக்குப் பிடிக்கும்.

போன மாதம் தக்காளிப் பாத்தியில் பறவைகளின் தொல்லை தாங்காமல், பழைய கொசுவலைகளை ஒன்றாக இணைத்து மூடலாம் என்று தையல் மெஷினில் உட்கார்ந்தேன். அது கிரீச் கிரீச் என்று கத்தியது, எண்ணெய் தீர்ந்திருந்தது. அப்பாவின் கருவிப் பெட்டியைக் குடைந்ததில் விரல் நீளத்துக்கு ஒரு குப்பி அகப்பட்டது, கூரான மூக்கு, சொட்டுச் சொட்டாக விழுகிற மாதிரி, லேபிளைச் சுரண்டி எடுத்திருந்தார். எதிலோ மிஞ்சிய எண்ணெயை ஊற்றி வைத்திருக்கிறார், கெட்டிக்கார மனிதர் என்று மெச்சிக்கொண்டே சக்கரத்தில் விட்டேன். தண்ணீர் மாதிரி ஓடியது. அப்பா எதிரிலேயே உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். இது என்ன எண்ணெயோ, வழுவழுப்பே இல்லையே என்றேன். கயிறு திரிக்கிற கை கொஞ்சம் நின்றது. ‘பழசு, அப்படித்தான் இருக்கும், இன்னும் ரெண்டு சொட்டு கூடப் போடு’ என்றார். போட்டேன், குப்பி காலியாகும்வரை போட்டேன்.

அந்த மூக்கு எனக்குப் பிடித்துப்போயிற்று. வலை வேலை முடிகிறவரை ஒன்பது நாள் நானும் அப்பாவும் பாத்தியை விட்டு நகரவில்லை. பத்தாம் நாள் குப்பியைக் கழுவி எடுத்துக்கொண்டு, இதே மாதிரி காலிக் குப்பி இன்னும் ரெண்டு கிடைக்குமா என்று கேட்க மருந்துக்கடைக்குப் போனேன். கடையில் இருக்கிற பெண் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, ‘என்னம்மா, ஐயா இப்பத்தானே வாங்கிட்டுப் போனாரு, ஒரு மாசத்துக்கு வர்றது, அதுக்குள்ள தீர்ந்துடுச்சா? ஒரு நாள்கூட விடக்கூடாதும்மா. ஒரு கண்ணுதான் போயிடுச்சு, மிச்சம் இருக்கிறதையாவது காப்பாத்த வேணாமா’ என்றாள். ‘போன வருஷம் உங்க பொண்ணு கூட்டிட்டு வந்து எல்லாம் விவரமாக் கேட்டுக்கிட்டுப் போச்சே’ என்றும் அவள்தான் சொன்னாள்.

போன வருஷம். பழைய தெளிப்பான் ஒன்று விலைக்கு வருகிறது, பார்த்துவிட்டு வருகிறோம் என்று நீயும் அப்பாவும் கிளம்பிப் போய், சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பி வந்தீர்களே, அன்றைக்குத்தானே? ஓட்டைத் தெளிப்பான், வேண்டாம் என்றுவிட்டோம் என்று ரெண்டு பேரும் ஒரே குரலில் சொன்னீர்கள். அப்பனும் மகளும் காசைக் கரியாக்காமல் வந்தார்களே என்று நான் பெருமைப்பட்டேன், பாப்பா. இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது. இந்த வீட்டில் எந்தக் கோணல் ஆணி எந்த டப்பாவில் கிடக்கிறது என்பதுவரை எனக்குத் தெரியும் என்ற திமிரில் இருந்தேன். பேப்பர் படிப்பதை அவர் விட்டபோது, எல்லாம் பொய்ச் செய்தி என்று சொன்னதை நம்பினேன். வெந்நீரை டம்ளருக்கு வெளியே ஊற்றியபோது, கவனம் எங்கே இருக்கிறது என்று கத்தினேன். என்னை அவரைத் திட்டவிட்டு நீங்கள் ரெண்டு பேரும் சும்மா இருந்தீர்கள். வாரா வாரம் போனில் ‘அப்பா எப்படிம்மா இருக்கார்’ என்று என்னிடமே கேட்டாயே, அந்த நாக்கு எப்படி உனக்கு வந்தது?

அம்மா பயந்துவிடுவாள், தோட்டத்தை விற்கச் சொல்வாள் என்று சத்தியம் வாங்கியிருப்பார். எனக்கு அவரைத் தெரியாதா. நீயாவது தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கண் மருந்தை என் கையாலேயே மெஷினுக்கு ஊற்றியிருக்க மாட்டேன். அதைப் பார்த்துக்கொண்டே கூடப் போடு என்ற மனிதரை நான் என்ன செய்வது, சொல். ஒன்பது நாள் மருந்து இல்லாமல் இருந்ததில் மிச்சக் கண்ணுக்கு என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரைக் கேட்க வேண்டும், எந்த டாக்டர் என்றுகூட எனக்குத் தெரியாது. புதுக் குப்பி வாங்கி, லேபிளைச் சுரண்டி, இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறேன். எடுத்து விட்டுக்கொள்கிறார், அளவு குறைகிறது, தினமும் பார்க்கிறேன். அது எப்படி வந்தது என்று அவரும் கேட்கவில்லை. என்னையும் உங்கள் கூட்டத்தில் சேர்த்துவிட்டீர்கள்.

இதையெல்லாம் ஒளித்து எழுதவில்லை. அப்பா பக்கத்தில்தான் பூசணி விதையைத் தடவித் தடவிப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். இப்போதுதான், பாப்பாவுக்கு எழுதியிருக்கிறேன், சரியாக இருக்கிறதா பாருங்கள் என்று எல்லாத் தாளையும் அவரிடம் நீட்டினேன். படிக்கட்டும், என்னோடு சண்டை போடட்டும் என்றுதான் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார், ஒவ்வொரு தாளாகத் திருப்பினார், நடுவில் ஒரு தடவை தலையைக்கூட ஆட்டினார். ‘எல்லாம் நல்லா எழுதியிருக்க. நான் நல்லா இருக்கேன்னு ஒரு வரி சேர்த்துடு’ என்று திருப்பிக் கொடுத்தார்.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு ஒருவருக்கொருவர் ஒளிவுமறைவு இல்லாமல் வாழ வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். மறக்காமல் டாக்டரின் பெயரையும் விலாசத்தையும் உடனே எழுது. போனில் சொல்லாதே, எழுது, லீவு கிடைத்ததும் நேரில் வா.

அப்பா நன்றாக இருக்கிறாராம்.

இப்படிக்கு,
அம்மா