டி.சி. வாங்கப் போன நாள்

மைசூரு
ஞாயிற்றுக்கிழமை

மதன் கண்ணுக்கு அம்மா எழுதுவது. மாதேஸ்வரன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் உன் தங்கை வினிதாவும் சௌக்கியம், மஸ்கட் வெயிலில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே மறித்துப் பேசுவாய், அதனால் எழுதி, அங்கே வருகிற மல்லப்பன் அண்ணன் கையில் கொடுத்து விடுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி, ஏணி ஏறாதீர்கள் என்றால் பெயின்ட் என்ன தரையிலிருந்தா அடிப்பது என்கிறார். என்னை ஊதுபத்தி கம்பெனியில் பேக்கிங் வேலைக்கு மாற்றிவிட்டார்கள், உட்கார்ந்தே செய்யலாம்.

நீ சொன்னபடி வினிதாவுக்கு டி.சி. வாங்கத்தான் புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுப் பள்ளிக்குப் போனேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்புப் பொடிசுகளோடு ஒரே அறையில் உட்கார்ந்தால் எப்போது முன்னேறுவாள், பிரைவேட் ஸ்கூலில் சேருங்கள் என்று நீ கத்தியது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. போனபோது பாடம் நடந்துகொண்டிருந்தது, சரி முடியட்டும் என்று ஜன்னலோரம் நின்றேன். மூன்று வகுப்புப் பிள்ளைகளும் கலந்து வட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நம் ஊர் ராமாபுரத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களின் பெண் மாதேவி, ஒன்றாம் வகுப்பு, சேர்ந்து இரண்டு வாரமாக வாயே திறக்கவில்லையாம், வீட்டில் நம்மைப் போலத் தமிழ்தான். கெம்பம்மா டீச்சர் பூனைப் படத்தைக் காட்டி ‘ஹேளு’ என்றார். கன்னடத்தில் சொல்லு என்கிறார், அது நமக்குத் தெரியும். அந்தக் குழந்தை ஏழு விரலைக் காட்டியது. மாட்டுப் படத்துக்கும் ஏழு விரல். பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்க அதற்குக் கண் கலங்கிவிட்டது. நம் வினிதா எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, ‘அது ஏழு இல்ல புள்ள, சொல்லுன்னு சொல்றாங்க, வெரலை மடக்கு’ என்றாள். பூனைக்குக் கன்னடத்தில் பெக்கு என்று காதில் சொல்லிக்கொடுத்தாள். மாதேவி ‘பெக்கு’ என்று கத்திய கத்தலில் டீச்சரே கை தட்டிவிட்டார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை கண்ணு. டீச்சரிடம் உன் சந்தேகத்தையும் கேட்டேன். சின்னப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டப் போய்த்தான் உங்கள் பெண்ணுக்குத் தடுமாறாமல் படிக்க வந்தது, போன வருஷம் இவளுக்குக் கழித்தல் கணக்குச் சொல்லிக்கொடுத்ததும் ஒரு மூன்றாம் வகுப்புப் பெண்தான் என்றார். வீட்டில் வாய் ஓயாமல் வம்பளக்கிற கழுதைக்கு இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்ததோ.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் நினைப்புதான். ராமாபுரத்திலிருந்து இங்கே வந்த புதிதில் உன்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். அந்த அறையில் எல்லாம் உன் வயசுப் பிள்ளைகள், சிரிக்கத் தெரிந்ததே தவிர உனக்கு விளக்கிச் சொல்ல ஒருத்தரும் இல்லை. தினமும் வயிற்றுவலி என்று அழுவாய். பொய் சொல்கிறாய் என்று கரண்டியால் அடித்து இழுத்துக்கொண்டு போய் விட்டேன். உனக்கு என்ன புரியவில்லை என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை, அடித்தது தப்பு. தங்கை நன்றாகப் படிக்க வேண்டும் என்று நீ ஏன் இப்படித் துடிக்கிறாய் என்று இப்போதுதான் எனக்கு உறைத்தது. டி.சி. கேட்டு எழுதிய பேப்பரைக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன், நீ கோபித்துக்கொண்டாலும் சரி.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே. நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். அடுத்த முறை போன் செய்யும்போது மாதேவி புதிதாக என்ன பேசினாள் என்று தங்கையிடம் கேள், உன்னைப் போனை வைக்க விடமாட்டாள்.

உன்னை அடித்த, உன்னையே நினைத்திருக்கிற
அம்மா உமாதேவி