செருப்பைக் கழற்றிய ஆற்றங்கரை

இஞ்சாரும் பூமணி,

இது என் கையெழுத்துத்தான். பக்கத்தில் இருந்து யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு சொல்லை எழுதி, அதை வாய்விட்டு வாசித்து, சரியாக இருந்தால்தான் அடுத்த சொல்லுக்குப் போகிறேன். காலையில் உட்கார்ந்தேன், தேத்தண்ணீர் ஆறி ஆடை கட்டிவிட்டது. இருக்கட்டும். கலியாணம் கட்டிய நாளிலிருந்து எனக்கு வந்த கடிதமெல்லாம் நீர்தான் வாசித்துச் சொன்னீர். இப்போது நான் உமக்கு ஒன்று எழுதுகிறேன். எழுத எழுதச் சந்தோசத்தில் சிரிப்பு வருகிறது.

சொல்ல வந்த விசயம் மட்டும் சிரிப்பதற்கில்லை. நீர் பதறுகிற ஆள். ஆகவே முதலிலேயே எழுதிவிடுகிறேன்: எங்கள் பிள்ளை தர்சினி உயிரோடு இருக்கிறாள். இப்போது குசினியில் நின்று பருப்புக்குத் தாளிக்கிறாள். மணம் எனக்கு வருகிறது.

"அம்மாவுக்கு உதெல்லாம் எழுதாதேங்கோ அப்பா, அவ கவலைப்படுவா" என்றாள். உமக்கு எதை மறைத்து நான் தப்பியிருக்கிறேன்?

உம்முடைய அந்தியேட்டி அன்று, உம்மைச் சாம்பலாக ஆற்றில் கரைத்த அன்று, நடந்ததிலிருந்து சொல்கிறேன். முப்பத்தோராம் நாள், ஸ்காபரோவில் எங்கள் ரூஜ் ஆற்றங்கரை. கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் வேறு குடும்பம் ஒன்று இருந்து கிரியை செய்துகொண்டிருந்தது. ஐயர் எங்களைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போனார். அங்கே பாதை இல்லை, புல்தான். என் இடுப்பளவு வளர்ந்திருந்தது. எங்களுக்கு ஆண்பிள்ளை இல்லை என்று யாரோ இழுத்தபோது, "நான் செய்வன்" என்று தர்சினி முன்னால் வந்தாள். உம்மை அவள்தான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள்.

"செருப்பைக் கழற்றிப் போட்டு இறங்குங்கோ பிள்ளை" என்றார் ஐயர். கழற்றினாள். நானும் கழற்றினேன். வெறுங்காலோடு புல்லுக்குள் வெகுநேரம் நின்றோம். தண்ணீர் உம்மை மெல்லத்தான் எடுத்தது. கரைந்து முடியும் வரைக்கும் அவள் அசையவில்லை.

பிறகு அவளுடைய முழங்காலுக்குப் பின்னால் ஒரு தடிப்பு வந்தது. கன்றிப்போன மாதிரி, நீலமும் கறுப்பும். நோகவில்லை, அரிக்கவுமில்லை. சும்மா பெரிதாகிக்கொண்டே போனது. வோக்-இன் கிளினிக்கில் ஒரு டொக்டர் பார்த்தார். "காம்பிங் போனனீங்களோ? காட்டுப் பாதையிலே நடந்தனீங்களோ?" என்று கேட்டார். தர்சினி இல்லை என்றாள். நானும் பக்கத்தில் இருந்து தலையை ஆட்டினேன். நாங்கள் எங்கே காட்டுக்குப் போகிற சனம்? பூச்சி ஏதும் கடித்திருக்கும் என்று ஒரு பூச்சு மருந்து எழுதித் தந்தார்.

தடிப்பு போய்விட்டது. பிள்ளை தேய்ந்து போகத் தொடங்கினாள்.

முதலில் களைப்பு. டேகெயரில் குழந்தைகளைத் தூக்குகிறவள், வீட்டுக்கு வந்து சப்பாத்தோடேயே கட்டிலில் விழுந்தாள். அடுத்து முழங்கால் வீங்கியது, இறங்கியது, திரும்ப வீங்கியது. பிறகு தலைச்சுற்று. குடும்ப டொக்டரிடம் போனோம். இரத்தம் எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்றார். திரும்பப் போனோம். விற்றமின் குறைவு என்றார். இன்னொரு தரம் போனோம்.

அவர் கதைக்கும் இங்கிலீசு எனக்கு முழுக்க விளங்காது. ஆனால் 'மதர்' என்ற சொல் விளங்கும். போகும் ஒவ்வொரு முறையும் அந்தச் சொல் வந்தது. "அம்மா செத்த துக்கமாம் அப்பா" என்று தர்சினி காரில் இருந்து சொன்னாள். "உடம்பிலே ஒண்டும் இல்லையாம். மனசுக்குக் குளிசை தந்திருக்கிறார்."

பூமணி, நீர் செத்தது ஒரு நோய்க்கு, ஒரு வருத்தத்துக்குப் பேராகிவிட்டது.

யூனியன்வில்லில் இருக்கிற என் தங்கச்சி மலரும் வந்தாள். பிள்ளையைப் பார்த்துவிட்டு என்னை அறைக்குள் இழுத்தாள்.

"அண்ணை, அண்ணி கூப்பிடுறா. அந்தப் படத்தைப் பாத்துப் பாத்துத்தான் பெட்டை உருகுது. கழற்றி உள்ளுக்கை வையுங்கோ."

"பைத்தியமோ உனக்கு? அவள் தன்ர பிள்ளையை ஏன் கூப்பிடுறாள்?"

"டொக்டரும் உதைத்தானே சொல்லுறார்!"

உம்முடைய படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, ஒரு சீலையில் சுற்றி, அலுமாரிக்குள் வைத்தேன். கோபிக்காதேயும். கழற்றும்போது எனக்கும் உம்மேல் கொஞ்சம் கோபம் வந்தது உண்மை. ஒரு பிள்ளைதானே எங்களுக்கு, அதையும் விடமாட்டீரோ என்று.

படத்தை எடுத்த பிறகு அவள் இன்னும் மோசமானாள். படியில் ஏறும்போது நடுவில் நின்றாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு. "என்ன பிள்ளை?" என்றதற்கு, "ஒண்டுமில்லை அப்பா, நெஞ்சு நிண்டு நிண்டு போகுது" என்றாள். ஒரு நாள் பஸ் தரிப்பிடத்தில் விழுந்தாள். யாரோ ஒரு சீன அன்ரி பிடித்து இருத்தியிருக்கிறா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காத்திருந்தோம். எங்களைக் கூப்பிட்டபோது அவள் தெளிந்திருந்தாள், நாடியும் அந்த நேரம் ஒழுங்காக இருந்தது. தண்ணீர் நன்றாகக் குடிக்கச் சொல்லி அனுப்பினார்கள்.

நீர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்? ஸ்காபரோவில் உமக்குப் பயப்படாத ஆபீஸ் கவுண்டர் ஒன்று இருந்ததா? நான் வாய் பேசாமல் பக்கத்துக் கதிரையில் இருந்தவன். அந்தக் கதிரை எனக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது.

விழுந்த பிறகு குடும்ப டொக்டரிடம் திரும்பவும் போனோம். தர்சினி கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்திருந்தாள். உமக்குத் தெரியும், வெக்ஸ்போர்ட்டில் எழுத்துப் படிக்கிற வகுப்புக்குப் போகத் தொடங்கியதிலிருந்து தமிழ் எழுத்து எங்கே கண்டாலும் நான் விடமாட்டேன். கடைப் பலகை, அரிசிப் பை, கோயில் அறிவித்தல், எல்லாம் வாசிப்பேன். அங்கே சுவரோரம் பல பாசைகளில் தாள்கள் அடுக்கியிருந்தன. ஒன்று தமிழ். எடுத்தேன்.

முதல் சொல் 'உண்ணி'. எனக்குச் சிரிப்பு வந்தது. மாட்டு உண்ணிக்கு இந்த ஊரில் தாள் அடித்து வைத்திருக்கிறார்களே! நாங்கள் கண்ட உண்ணி கொட்டைப்பாக்குப் போல ஊதி மாட்டின் காதில் தொங்கும். பிடுங்கி எறிந்தால் முடிந்தது. சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனேன். இது எள்ளு அளவுதானாம். கடித்தது தெரியாதாம். உயரமான புல்லில் இருக்குமாம்.

சிரிப்பு நின்றது. விரலை வைத்து வாசித்தேன். தோலில் தடிப்பு. களைப்பு. மூட்டு வீக்கம். லைம் நோய் என்று பேர் போட்டிருந்தார்கள். மெல்ல வாசிக்கிறவனுக்கு அவசரம் வந்தால் என்ன செய்வது, சொல்லும். எந்த நேரத்திலும் தர்சினியின் பேரைக் கூப்பிடுவார்கள். இன்னும் மூன்று வரி இருந்தது. எழுத்துகள் ஆடின. 'தலைச்சுற்று' என்று வந்தது. அடுத்ததை மூன்று தரம் கூட்டினேன். 'இதயம்'.

"என்னத்தை அப்பா உப்பிடி முணுமுணுக்கிறியள்? ஆக்கள் பாக்கினம்."

"பிள்ளை, நாங்கள் காட்டுக்குப் போனனாங்கள்."

"எப்ப?"

"அம்மாவைக் கரைக்க."

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். கையிலிருந்த தாளை வாங்கினாள். அப்போதுதான் உள்ளே கூப்பிட்டார்கள்.

டொக்டர் கூடாத மனுசன் இல்லை. களைத்துப் போயிருந்தார். தர்சினி தாளைக் காட்டிச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். அதெல்லாம் நகரத்துக்கு வெளியில்தான் அதிகம் என்றார். வோக்-இன் கிளினிக்கில் காட்டுக்குப் போகவில்லை என்றுதானே சொன்னீர்கள் என்றார். தடிப்பு சிவப்பாக, வளையமாக இருந்ததா என்றார். எங்கள் தோலில் எது சிவப்பாகத் தெரியும் பூமணி? பிறகு அந்தச் சொல்லைச் சொன்னார், 'மதர்'.

"ஓகே" என்று தர்சினி எழும்பினாள். வாதாட அவளிடம் மூச்சு இல்லை. "வாங்கோ அப்பா."

நான் எழும்பவில்லை.

"நீ இரு பிள்ளை. நான் கதைக்கவேணும்."

"நீங்களோ?"

எனக்கு இங்கிலீசு எங்கே இருக்கிறது? குனிந்து சப்பாத்தைக் கழற்றினேன். காலுறையையும் உருவினேன். தர்சினிக்கு முகம் செத்துவிட்டது.

"அப்பா! என்ன செய்யிறியள்? ஐயோ, மானம் போகுது."

"நாங்கள் எப்பிடி நிண்டனாங்கள் எண்டு காட்டுறன். சொல்லு அவருக்கு."

டொக்டரின் வெள்ளைத் தரையில் வெறுங்காலோடு எழும்பி நின்றேன். புல்லின் உயரத்துக்குக் கையை இடுப்பில் வைத்து, "கிராஸ்" என்றேன். ஆற்றுப் பக்கம் கையைக் காட்டுவதாக நினைத்து ஜன்னலைக் காட்டி, "ரிவர்" என்றேன். இரண்டு கையையும் சேர்த்துச் சாம்பல் விடுவதுபோல் விட்டேன். "மை வைஃப்" என்றேன். பிறகு தர்சினியைக் காட்டினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீசு அவ்வளவுதான், முடிந்துவிட்டது. நின்றேன்.

அவர் என் காலைப் பார்த்தார், வெகுநேரம். பிறகு தர்சினியிடம், "சாம்பல் கரைக்கப் போனபோது சப்பாத்து இல்லாமலா நின்றீர்கள்?" என்று கேட்டார். அவள் ஓம் என்றாள். எவ்வளவு நேரம், எந்தக் கரை என்று கேட்டார். எல்லாம் சொன்னாள். அதை முன்னமே ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நாங்கள் என்ன சொல்வது? அது ஊர் சுற்றிப் பார்க்கப் போன பயணமா? அதைக் காட்டுக்குப் போனதாக யார் நினைப்பார்?

அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தபடியே இருந்தார். அவருடைய முகம் மாறியதை நான் கண்டேன். நெஞ்சில் வயர்கள் ஒட்டி ஒரு தாள் எடுத்தார்கள். அதைப் பார்த்ததும் அவரே போனை எடுத்து அம்புலன்சைக் கூப்பிட்டார். நான் காலுறை போடவும் நேரம் இல்லை. சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அம்புலன்சில் ஏறினேன்.

நெஞ்சில் மேல் அறையும் கீழ் அறையும் ஒன்றோடொன்று கதைப்பதை விட்டுவிட்டனவாம். ஆஸ்பத்திரியில் அப்படித்தான் விளங்கப்படுத்தினார்கள். சோதனை மறுமொழி வருவதற்கு முன்பே நரம்பில் மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். இதயம் தானாகத் திரும்பாவிட்டால் உள்ளே மெசின் வைக்கவேண்டும் என்றார்கள். தலைமாட்டில் ஒரு திரை. அதில் கோடு எழும்பும், படுக்கும். அடுத்தது எழும்புமா? நான் அந்தக் கோட்டையும் ஓர் எழுத்தைப்போலத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், விரலை வைக்காத குறை. கோடு நீண்டபோதெல்லாம் என் மூச்சும் நின்றது.

திரும்பி வந்தது பூமணி. மெல்ல மெல்ல, என் எழுத்து வந்த மாதிரி. மெசின் தேவைப்படவில்லை. சோதனையும் லைம் என்றுதான் சொன்னது. குடும்ப டொக்டர் போன் எடுத்துத் தர்சினியோடு கதைத்தார். மன்னிப்புக் கேட்டாராம். என்னையும் விசாரித்தாராம், "அப்பா சப்பாத்துப் போட்டுவிட்டாரா" என்று.

எல்லாம் முடிந்தது என்று எழுத ஆசைதான். முழங்கால் இன்னும் சில நாள் வீங்குகிறது. களைப்பும் முழுக்கப் போகவில்லை. போன கிழமை வேறொரு டொக்டரிடம் போனாள். மருந்து முடிந்துவிட்டது, மிச்சம் மனசாக இருக்கலாம், அண்மையில்தானே அம்மா தவறிப்போனா என்று அவர் தொடங்கியிருக்கிறார்.

"என்ர அம்மா ஒரு வருத்தம் இல்லை, டொக்டர். முழங்காலைப் பாருங்கோ" என்றாளாம்.

உம்முடைய குரல்தான். எனக்குக் கேட்டது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அலுமாரியைத் திறந்து, சீலையை அவிழ்த்து, உம்மைத் திரும்பவும் சுவரில் மாட்டினேன். ஆணி அதே ஆணி. மலர் வந்து பார்த்தாள். படத்துக்குப் பூ வைத்துவிட்டுப் போனாள்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. அவள் உம்மை விட மனமில்லாமல் அந்தப் புல்லுக்குள் அவ்வளவு நேரம் நின்றதாலா கடித்தது? அப்படியென்றாலும் அது உம்மாலல்ல. புல் புல்தான், உண்ணி உண்ணிதான். நீர் அவளைக் கூப்பிடவில்லை. நான் ஒரு நாளாவது அப்படி நினைத்ததை நீர் மனதில் வைத்திருக்கக் கூடாது.

இந்தக் கடிதத்தை எங்கள் வகுப்பு வெளியிடுகிற புத்தகத்தில் போடப் போகிறார்கள். எங்கள் சனம் வாசிக்கட்டும். அந்தியேட்டிக்குப் போய் வந்தால் பிள்ளைகளின் காலைப் பாருங்கள். டொக்டர் காடு என்று கேட்டால், ஆற்றங்கரையையும் சொல்லுங்கள்.

உமக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ஆண்டுத் திவசத்துக்கு அந்த ஆற்றுக்கு வருவோம். தர்சினிதான் முன்னால் வருவாள். சப்பாத்தோடு, காலுறையைக் காற்சட்டைக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு வருவாள். ஐயர் முகம் சுளித்தால் நான் கதைக்கிறேன். நான் இப்போது கதைக்கிறவன்.

பருப்பு இறக்கிவிட்டாள். சாப்பிடக் கூப்பிடுகிறாள். கொஞ்சம் இரும், பேரையும் எழுதிவிட்டுப் போகிறேன்.

உம்முடைய மனுசன்,
தர்சினியின் அப்பா,
செல்லத்துரை