நடுப்புள்ளி என் கணவர் அல்ல

அனுப்புநர்:
லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி
(தங்கள் கோப்பில் ‘எண் 17’ என்பவரின் மனைவி),
தையல் கடைக்கு மேல் மாடி.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
தொடர்பு வலை ஆய்வுப் பிரிவு,
காவல் தலைமையகம்.

பொருள்: ஆயுதக் குழுவின் தொடர்பு வரைபடத்தில் என் கணவரைத் தலைவராகக் குறித்த பிழையைத் திருத்தி, அவரை விடுவிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதினொரு நாட்களுக்கு முன் தங்கள் பிரிவினர் என் கணவரை அழைத்துச் சென்றனர். அலமாரி மேலிருந்த கைபேசியையும் எடுத்துச் சென்றனர். மறுநாள் நான் வந்தபோது தங்கள் அலுவலர் அந்த வரைபடத்தைத் திரையில் காட்டினார். புள்ளிகளும் கோடுகளும் தண்ணீருக்குள் மிதப்பதுபோல் மெல்லச் சுழன்றன. மடியிலிருந்த என் ஒன்பது மாத மகள் அவற்றைப் பிடிக்கக் கை நீட்டினாள். எனக்கும் ஒரு கணம் அழகாகவே தெரிந்தது, மன்னிக்கவும். நடுவில் பெரிதாய் ஒரு சிவப்புப் புள்ளி. “நாப்பத்தோரு கோடும் உங்க வீட்டுக்காரர்கிட்டதாம்மா வந்து சேருது. நடுவுல இருக்கறவர்தானே தலைவர்?” என்றார்.

2. ஐயா, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடுகிற மனிதர் அவர். சிம் மட்டுமே அவர் பெயரில் உள்ளது, கைபேசி என்னுடையது. “எல்லாம் எனக்கு வந்த கால்தான்” என்று விசாரணையில் அவர் சொன்னது பொய். கைக்குழந்தைக்காரியை உள்ளே வைத்துவிடுவீர்களோ என்ற பயத்தில் சொன்ன பொய்.

3. குழந்தைகள் மருத்துவமனையில் அறிமுகமான தாய்மார்கள் சேர்ந்து ஒரு நெபுலைசர் வாங்கினோம். மருந்தை ஆவியாக்கி மூச்சிரைப்பைத் தணிக்கும் இயந்திரம் அது. என் பொறுப்பில் இருக்கிறது. இரைக்கிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு யாரால் விவரமாகப் பேச முடியும்? ஆகவே என் கைபேசியில் ஒரு மணி மட்டும் அடித்து வைத்தால் இயந்திரம் வேண்டும். இரண்டு மணி என்றால் முடிந்தது, எடுத்துப் போகலாம். இந்த மிஸ்டு காலைத்தான் தங்கள் பிரிவு ரகசிய சமிக்ஞை என்று எழுதியிருக்கிறது.

4. அந்தத் தாய்மார்களில் ஒருத்தியின் தம்பி ஆயுதக் குழுவில் இருப்பதாகத் தங்கள் அலுவலர் சொல்லித்தான் அறிந்தேன். தம்பியிடமிருந்து அக்காவுக்கு ஒரு கோடு, அக்காவிடமிருந்து எனக்கு ஒரு கோடு. நானும் புள்ளியியல் படித்தவள். யார் யாரைக் கூப்பிட்டார் என்பது படத்தில் இருக்கும். எதற்கு என்பது இருக்காது. அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், நெபுலைசரின் முகமூடியை வைத்ததும் அவள் மகன் அழுகையை நிறுத்திவிடுவான் என்பதுதான்.

5. கண்ணை மூடினால் அந்தப் படம் கூரையில் சுற்றுகிறது. ஒவ்வொரு புள்ளியையும் எனக்குத் தெரியும். இது பச்சைக் கதவு, இது இரட்டைக் குழந்தைகள், இது படிக்கட்டில் விளக்கில்லாத வீடு. கோடுகளின் மேல் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன். கால் தரையில் படுவதே இல்லை. விழித்தால் பக்கத்துத் தலையணை வெறுமையாக இருக்கிறது.

6. நேற்று தங்கள் அலுவலக வாசலில் நின்ற காவலர் இரக்கப்பட்டுச் சொன்னார்: “அந்த போன் இன்னும் அடிச்சிக்கிட்டேதாம்மா இருக்கு. ஒரு மணியோட நின்னுடுது.” தலைவர் தங்கள் காவலில் இருக்கையில் இவர்கள் யாரைக் கூப்பிடுகிறார்கள்?

அடுத்த முறை அடித்ததும் அந்த எண்ணை எனக்குச் சொல்லியனுப்புங்கள். நெபுலைசரோடு வருகிறேன், தங்கள் ஆட்களும் கூட வரட்டும். கதவைத் திறப்பது யாரென்று பார்த்தபின், நடுப்புள்ளிக்கு என் பெயரை எழுதிக்கொண்டு அவரை வீட்டுக்கு அனுப்புங்கள். தாமதிக்க வேண்டாம், ஐயா. ஒரு மணி அடித்தால், எங்கோ ஒரு குழந்தைக்கு மூச்சு முட்டுகிறது.

இடம்: தையல் கடை மாடி
நாள்: அவர் சென்ற பன்னிரண்டாம் நாள்

இங்ஙனம்,
(கையொப்பம்)
கைபேசிக்கு உரியவள்