குட்டைமேட்டு மாடி வீடுகள்

11-2-1972

ஷிப்ட் முடிந்ததும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து நேராகக் குட்டைமேட்டுக்குப் போனேன். மேல் மாடிக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீடு கட்டும் சங்கத்துப் பன்னிரண்டு குடும்பத்துக்கும் ஒரே கட்டடம், மூன்று தளம். இந்த ஊரில் ஒருவர் தலைமேல் ஒருவர் குடியிருப்பது புதுசு. "எங்க சாமி ரூமுக்கு மேல இன்னொருத்தரு குளிக்கிற ரூமா?" என்று சிலர் சண்டை பிடித்து வரைபடத்தையே மாற்ற வைத்தார்கள். குலுக்கலில் எனக்கு மேல் தளம், தெற்கு மூலை. ஜன்னலைத் திறந்தால் ஏகாம்பரநாதர் கோபுரம்.

கட்டுவது சம்பந்தம், என் தம்பி. அம்மா போனபோது அவன் சின்னப் பையன். என் கையில் வளர்ந்தவன் இன்று கான்ட்ராக்டர் திருஞானசம்பந்தம். அவன் எடுத்த முதல் பெரிய வேலை இது. சாரத்தின் மேலிருந்து, "அக்கா, பாத்து வா, தரை ஈரம்!" என்று கத்தினான். பெருமையாகத்தான் இருந்தது.

ஆனாலும் மனசில் ஏதோ அரிக்கிறது. அந்த இடத்தில் எருமைகள் கழுத்தளவு தண்ணீரில் கிடந்ததைப் பார்த்தவள் நான். லாரி லாரியாக இடிசல் கொட்டி மூடிய குட்டை அது. அதன் மேல் மூன்று மாடி.

26-4-1972

பால் காய்ச்சிக் குடிபோனோம். சங்கத் தலைவர் கோதண்டபாணி சார் சித்திரைக்குள் திறப்பு விழா என்று போன வருஷமே நாள் குறித்து, பெரிய மனிதர்களை எல்லாம் அழைத்துவிட்டார். சொன்னபடி நடந்தது. மாலையும் மேளமும். சம்பந்தத்துக்குப் பட்டுத் துண்டு போர்த்தினார்கள். அவன் மனைவி கலாவதி முகமெல்லாம் சிரிப்பு.

13-5-1972

கீழ் வீட்டு ஜெயம்மாள் என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போனாள். அவள் கணவர் துரைக்கண்ணு தறி போடத் தரையில் குழி வெட்டியிருக்கிறார். நெய்பவர் உட்கார்ந்து கால் தொங்கவிடும் குழி, இடுப்பளவுகூட இல்லை. அதில் தண்ணீர்.

"தண்ணிய எறைச்சி ஊத்தினா விடியறதுக்குள்ள திரும்ப ஊறிக்கினு இருக்குதும்மா" என்றார் துரைக்கண்ணு.

அக்கினி நட்சத்திரம். ஊர்க் கிணறெல்லாம் வற்றிக் கிடக்கிறது. இங்கே மட்டும் எங்கிருந்து வருகிறது?

14-5-1972

சம்பந்தத்திடம் கேட்டேன். "குழாய் எங்கயாவது ஒழுகும்க்கா. சிமெண்டு பூசிட்டா சரியாப்பூடும்" என்றான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

30-7-1972

மாடிப்படிச் சுவரில் ஒரு கீறல். கோதண்டபாணி சாரிடம் காட்டினேன். "புதுப் பூச்சு காயும்போது அப்படித்தாம்மா" என்றார். இருக்கலாம். எனக்கென்ன தெரியும்?

9-9-1972

வாசல் கதவு நிலையில் சிக்குகிறது. போன மாதம் வரை சுண்டு விரலால் தள்ளினால் சாத்திக்கொள்ளும்.

18-9-1972

கீறலில் என் விரல் நுழைகிறது. யாரோ மேலே சாந்து பூசி மறைத்திருந்தார்கள். அந்தச் சாந்தும் வெடித்துவிட்டது.

1-10-1972

இன்று அவனை விடவில்லை. சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து கேட்டேன். "சம்பந்தம், இந்த வீட்ல கலாவதியக் கூட்டியாந்து குடிவைப்பியா?"

பிசைந்த கை அப்படியே நின்றது. பிறகு அழுதான்.

"கெட்டித் தரை வரிக்கும் போகலக்கா. தோண்டத் தோண்ட ஊத்து. பம்பு வச்சி இறைச்சும் நிக்கல. கோதண்டபாணி சாரு தெனமும் வந்து சித்திரை சித்திரைன்னு உயிர எடுத்துக்கினு இருந்தாரு. சேத்து மேலயே ஜல்லியக் கொட்டி மூடிட்டேன். தாங்கிக்கும்னு நெனச்சேன்."

"அவருகிட்ட சொன்னியா?"

"சொல்லல. சொன்னா வேலை வேற ஆளுக்குப் பூடும்னு பயம்." கையைக் கழுவிவிட்டு என் காலடியில் உட்கார்ந்தான். "கலாவதிக்கு ஏழு மாசம். இப்ப வாயத் தொறக்காதக்கா. மழை போவட்டும், நானே முட்டுக் குடுத்துச் சரி பண்ணிடறேன்."

மழை போகட்டுமாம். மழைதானே வரப்போகிறது!

5-10-1972

யாரிடமும் சொல்லவில்லை. எக்ஸ்சேஞ்சில் இரண்டு இணைப்பைத் தப்பாகப் போட்டுவிட்டு சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன். படியேறும்போது சுவரோரமாகவே ஏறுகிறேன் — என் எடையைக் குறைத்துக்கொள்வதுபோல. பைத்தியமா எனக்கு?

9-10-1972

மேகம்.

12-10-1972

நல்ல மழை. எதிர் வீட்டுக் குழந்தைகள் மாடிப்படியில் குதித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். "குதிக்காதீங்கடா!" என்று நான் போட்ட சத்தத்தில் சின்னது அழுதுவிட்டது. அதன் அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் உள்ளே வந்து கதவைச் சாத்தப் பார்த்தேன். சாத்த முடியவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தம்பி என் தம்பிதான். அந்தக் குழந்தைகள் யார் வீட்டுக் குழந்தைகள்? யாருடையதாக இருந்தால் என்ன? எப்படி என்னால் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருக்க முடிந்தது?

13-10-1972

செங்கல்பட்டுக்கு டிரங்க் கால் போட்டேன். என் கையாலேயே இணைத்து, அரசாங்க இன்ஜினியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யார் கட்டியது என்று கேட்டார். பெயரையும் சொன்னேன்.

மாலையில் சம்பந்தத்திடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவன் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான். கலாவதிதான், "நீங்க பெத்த புள்ளையா இருந்தா செய்வீங்களா?" என்றாள்.

16-10-1972

இன்ஜினியர் வந்தார். தறிக்குழியைப் பார்த்தார், மாடிப்படிச் சுவரைத் தட்டிப் பார்த்தார். உடனே எல்லோரும் காலி செய்ய வேண்டும் என்றார். ஒரே கூச்சல். "குடும்பத் தகராற சங்கத்துக்குக் கொண்டாந்துட்டா இந்த அம்மா" என்று கோதண்டபாணி சார் என் காது கேட்கவே சொன்னார்.

20-10-1972

பெரும்பாலோர் போய்விட்டார்கள். சொந்தக்காரர் வீட்டுக்கும், பழைய வாடகை இடத்துக்கும். நான் எக்ஸ்சேஞ்ச் தோழி ஒருத்தியின் வீட்டில். ஜெயம்மாளும் துரைக்கண்ணுவும் மட்டும் அசையவில்லை. குழியைச் சுற்றிச் சிமெண்டுத் தொட்டி கட்டித் தண்ணீரை நிறுத்தி, தறியில் பாவு நூல் ஏற்றிவிட்டார்கள். ஒரு கல்யாணச் சேலை பாதி நெய்தாகிவிட்டது.

"பாதிச் சேலைய அறுத்துக்கினு எங்கம்மா போறது?" என்கிறாள்.

24-10-1972

எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையிலிருந்து அடைமழை. பதினொரு மணி வாக்கில் போர்டில் ஒரு விளக்கு. குட்டைமேட்டு அரிசி மண்டி போன். "நம்பர் ப்ளீஸ்" என்றேன்.

"அம்மா, நான் துரைக்கண்ணு. விழுந்துடிச்சிம்மா. மாடிப்படிப் பக்கம் மொத்தமும் விழுந்துடிச்சி."

"ஜெயம்மா?"

"அவ என் பக்கத்துல நிக்கிறா. உங்க தம்பி..." பின்னால் ஜனங்களின் கூச்சல் கேட்டது. "உங்க தம்பி உள்ள இருந்தாரும்மா."

ஹெட்செட்டைக் கழற்றினது தெரியும். ஓடினது தெரியாது.

சம்பந்தம் விடிகாலையிலேயே சவுக்குக் கட்டைகளோடு வந்திருக்கிறான். கூலியாட்கள் மழையில் வரமாட்டோம் என்றுவிட்டார்களாம். தனியாகவே முட்டுக் கொடுத்திருக்கிறான். "பாவ அறுக்க வேணாம், அப்படியே சுருட்டித் தூக்குங்க, நான் தாங்கிப் புடிச்சிக்கிறேன்" என்று துரைக்கண்ணுவையும் ஜெயம்மாளையும் தறிக்கட்டையோடு வெளியே அனுப்பியிருக்கிறான். அவர்கள் வாசலைத் தாண்டியதும் சுவர் சரிந்துவிட்டது.

நான் போனபோது தெருவே கூடி மண்ணை அள்ளிக்கொண்டிருந்தது. கோதண்டபாணி சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்கையால் செங்கல் பொறுக்கினார். நானும் பொறுக்கினேன். ஒரு கை தெரிந்தது. அசைந்தது.

உயிர் இருக்கிறது. இடது கால் நசுங்கிவிட்டது.

25-10-1972

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கலாவதி கதவை மறித்து நின்றாள். "நீங்க போன் பண்ணாம இருந்திருந்தா அவரு அங்க போயே இருக்க மாட்டாரு."

அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். உள்ளே அவன் கண்ணைத் திறந்துதான் படுத்திருந்தான். என்னைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

3-1-1973

கலாவதிக்குப் பெண் குழந்தையாம். ஜெயம்மாள் வந்து சொன்னாள். எனக்குச் சொல்லி அனுப்பவில்லை.

22-2-1973

விசாரணை. சம்பந்தம் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்தான். யார் மேலும் பழி போடவில்லை. சேறென்று தெரிந்தே கட்டினேன் என்றான். கோதண்டபாணி சார் அவசரப்படுத்தியதைச் சொல்லவே இல்லை. அவரே எழுந்து சொன்னார். அதற்குப் பிறகும் லைசென்ஸ் போனது போனதுதான். வெளியே வரும்போது என்னை ஒட்டித்தான் நடந்து போனான். நின்றால் பேசலாம் என்றிருந்தேன். நிற்கவில்லை.

10-11-1973

சங்கக் கூட்டம். பாக்கி நின்ற சுவர்களையும் இடித்தாகிவிட்டது. அதே இடத்தில் இரண்டே தளம், புது கான்ட்ராக்டர் என்று முடிவானது. அஸ்திவாரத்தை மேற்பார்க்க யார் என்று கேட்டதும் துரைக்கண்ணு எழுந்தார்.

"சம்பந்தத்தையே வைங்க. அந்தத் தரை எங்க பொத்துக்கும்னு தெரிஞ்ச ஆளு அவரு ஒருத்தருதான்."

பெரிய சத்தம். ஜெயம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "எங்களத் தள்ளிவுட்டுட்டு உள்ள நின்னது அவருதான், உங்கள்ல யாராவதா?" என்றாள். அடங்கிவிட்டது. நான் கை தூக்கவில்லை. அக்கா தூக்கக் கூடாது என்று பட்டது. நான் தூக்காமலே நிறைவேறியது.

அவன் ஒப்புக்கொள்வானா?

28-5-1974

இன்று ஷிப்ட் முடிந்து அந்தப் பக்கமாக நடந்தேன். சும்மாதான்.

அஸ்திவாரக் குழி ஆளை மூழ்கடிக்கும் ஆழம். இரண்டு பம்பு ஓடுகிறது. மேலே கலவை குழைத்துத் தயாராக நிற்க, புது கான்ட்ராக்டர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கீழே, அந்தக் காலோடு, இடுப்பளவு சேற்றில் சம்பந்தம். கடப்பாரையை இறக்கி, அதன் மேல் காதை வைத்துக் கேட்கிறான்.

"போடலாமாப்பா?" என்றார் கோதண்டபாணி சார்.

"வேணாம் சார். இன்னும் மெத்துனுதான் இருக்குது."

"சரி. நீ சொல்லும்போது போடுவோம்." குடையை விரித்து நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

நான் ஓரமாக நின்றேன். ஆட்கள் திரும்பத் தோண்டினார்கள். வெகுநேரம். பிறகு கடப்பாரை வேறு மாதிரி ஒலித்தது, எனக்கே கேட்டது. அவன் நிமிர்ந்து முகத்துச் சேற்றைத் துடைத்தபோது நான்தான் நேர் எதிரே. போய்விடலாமா என்று நினைத்தேன்.

"அக்கா," என்றான். "குடிக்கத் தண்ணி இருக்குதா?"

என்னிடம் இல்லை. எதிர்த் தெருவில் ஜெயம்மாள் இப்போது இருக்கும் வீட்டுக்கு ஓடினேன். சொம்பு நிறைய வாங்கி, வழியில் பாதி சிந்தி, மீதியைக் கொண்டுவந்து கொடுத்தேன்.