லவீனாவின் நடைக்கு அப்பா வாசித்த மிருதங்கம்

நீர்வேலி தெற்கு,
ஐப்பசி, சனிக்கிழமை.

அன்புள்ள மகள் உதயகலாவுக்கு,

பிள்ளையாருடைய காவலில் நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகனும் பேரன் செந்தூரனும் அந்தக் குளிருக்குள் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கும்பிடுகிறேன். ஒஸ்லோவில் பனி கொட்டுகிறது என்று நீ சொன்ன அன்றுதான் இங்கே மழையும் தொடங்கியது. கிணற்றடி வாழைகள் காற்றுக்குக் குலையோடு சரிந்துவிட்டன, முட்டுக்கொடுத்து வைத்தவை மட்டும் தப்பின. பத்மாசினி மாமிக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு, உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார். போனில் கதைக்கலாமே, அம்மா ஏன் கடிதம் எழுதுகிறா என்று நினைப்பாய். போனை எடுத்தால் அப்பா பக்கத்துக் கதிரையில் வந்து இருந்துவிடுகிறார், அவரை வைத்துக்கொண்டே அவரைப் புகழ எனக்குக் கூச்சமாக இருக்கிறது. லீவில் வந்து நிற்கிற பிரகலாதன் அடுத்த கிழமை நோர்வேக்குத் திரும்புகிறான், மிளகாய்த்தூளோடு இதையும் அவனிடம் கொடுத்துவிடுகிறேன்.

விசயம் இதுதான். இங்கே பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்த ரீச்சர் மாற்றலாகிப் போனபின் சின்ன வகுப்புகளுக்கு ஆள் இல்லை. புது ரீச்சர் வரும்வரைக்கும் வந்து பிள்ளைகளுக்குத் தாளம் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று பள்ளிக்கூட அதிபர் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் கேட்டார். அப்பாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை, மிருதங்கத்துக்குப் புது உறை தைப்பித்தார். முதல் நாள் பட்டு வேட்டியும் சால்வையுமாகக் கச்சேரிக்குப் போவதுபோல் போனார். போய், ஆறு வயதுப் பிள்ளைகளைச் சப்பாணி கட்டி இருக்கச் சொல்லி, எடுத்த எடுப்பிலேயே ஆதி தாளம் போடச் சொல்லியிருக்கிறார். ஒன்று சுவரில் சாய்ந்து நித்திரையாம், மற்றதெல்லாம் அவர் கை இறங்க முதலே தட்டி முடித்துவிட்டு யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு இருந்தனவாம். அவருடைய குரல் உனக்குத் தெரியும்தானே, கோபம் இல்லாமலே இடிமாதிரி வரும். சந்தியில் சைக்கிள் திருத்துகிற நிருஷனுடைய மகள் லவீனா அந்தக் குரலுக்கு வெருண்டுவிட்டாள். தாய் போய் அதிபரிடம், “ஐயா கத்துறார், நான் பள்ளிக்கூடம் போகமாட்டன் எண்டு பிள்ளை வாசல் படலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு அழுகுது” என்று சொல்லியிருக்கிறார். அதிபர் பக்குவமாகத்தான் அப்பாவிடம் அதைச் சொன்னார். ஆனாலும் அன்று அப்பா சாப்பிடவில்லை. “எத்தினை பெரிய பாட்டுக்காரருக்கு வாசிச்ச கை இது, கடைசியிலை ஒரு சின்னப் பிள்ளையை வெருட்டினவன் எண்ட பேரோடையோ முடிக்கிறது, நான் இனிப் போகேல்லை” என்று சொல்லி மிருதங்கத்தை உறையில் போட்டு அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டார். காலையில் வாசிக்கிறதையும் விட்டுவிட்டார், சத்தம் இல்லாத வீட்டில் எனக்குத் தேங்காய் துருவக்கூடக் கை ஓடவில்லை.

இரண்டொரு நாள் கழித்து முதலாம் வகுப்பு ரீச்சர் ஜெசிதா ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். இளவாலை ஊர்ப் பிள்ளை, உன்னைவிட வயது குறைவு. வாசலில் நின்றபடியே, “ஐயா, நீங்கள் நிப்பாட்ட வேண்டாம். ஒருநாள் என்ரை வகுப்பிலை வந்து சும்மா இருந்து பாருங்கோ, ஒண்டும் செய்ய வேண்டாம்” என்றார். அப்பா வெடுக்கென்று ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்தேன். அவர் நிலத்தைப் பார்த்தபடி, “ஓம் பிள்ளை, வாறன்” என்றார். இந்த வயதில், இவ்வளவு பேர் எடுத்த மனுசன், அந்தச் சொல்லைச் சொன்னதற்கே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

சொன்னபடி போனார். பிள்ளைகளின் சின்னக் கதிரையில் முழங்காலை மடக்கி இருந்து பார்த்துவிட்டு வந்து பின்னேரத் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு கதைக்கத் தொடங்கினார், தேத்தண்ணி ஆறிப்போனது. ஜெசிதா பிள்ளைகளை முற்றத்தில் நடக்க விடுவாராம். கவிழ்த்து வைத்த பிளாஸ்ரிக் வாளியில், பிள்ளை கால் வைக்க வைக்கத் தான் தட்டுவாராம். சின்னக் கால்கள் என்பதால் அவர்களுடைய நடை எங்களுடையதைவிட வேகம், அவரும் அந்த வேகத்திலேயே தட்டுவாராம். சத்தம் தங்களுடைய காலோடு வருகிறது என்று பிள்ளைகளுக்குப் பிடிபட்டபின், வாளியில் தட்டுகிற வேகத்தை அவர் மெல்ல மெல்லக் குறைக்க, பிள்ளைகளும் தங்களை அறியாமலே குறைந்து ஒரே நிதானத்துக்கு வந்துவிடுகிறார்களாம். பிறகு ஒரு விளையாட்டு, “வாளி நித்திரை கொள்ளுது” என்று சொல்லி அவர் கையை எடுத்துவிடுவார், வாளி எழும்பும்வரைக்கும் பிள்ளைகள் அதே நடையை விடாமல் நடக்கவேண்டும். “இஞ்சை பாரும், நான் அண்டைக்குப் பிள்ளையளை என்ரை வேகத்துக்கு இழுத்தனான். அவ முதலிலை பிள்ளையின்ரை வேகத்துக்குப் போறா, பிறகு கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வாறா” என்றார் அப்பா. அலுமாரிக்கு மேலே இருந்த மிருதங்கத்தைக் கீழே இறக்கித் தரும்படி என்னைத்தான் கேட்டார்.

அதற்குப் பிறகு இங்கே நடந்த கூத்தை நீ பார்த்திருக்கவேண்டும். வீட்டு வளவுக்குள் பிள்ளைகளைப்போல நடந்து பழகுகிறார், துள்ளியும் பார்க்கிறார், முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறது என்னுடைய வேலை. அடுத்த முறை போனபோது பட்டு வேட்டியும் இல்லை, சால்வையும் இல்லை. சுடுதண்ணிப் போத்தலை மறந்துவிட்டுப் போனதால் நான் கொண்டுபோனேன், அதனால் கண்ணால் பார்த்தேன். அப்பா வேப்பமரத்துக்குக் கீழே பாயில் மிருதங்கத்தோடு வாய் திறக்காமல் இருந்தார். லவீனா ஜெசிதாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெடுநேரம் கழித்து ஒரு அடி வைத்தாள், அப்பா ஒரு தட்டு, பஞ்சில் தட்டியதுபோல். அவள் நின்றாள், மிருதங்கமும் நின்றது. அவள் சேலையை விட்டுவிட்டு இரண்டு அடி வைத்தாள், அதற்கும் பதில் வந்தது. அதற்குப் பிறகு அவரைச் சோதிக்கத் தொடங்கினாள், ஓடினாள், ஒற்றைக் காலில் கெந்தினாள், திடீரென்று நின்று திரும்பிப் பார்த்தாள். ஒன்றையும் அவர் தவறவிடவில்லை. எத்தனையோ வித்துவான்களுக்கு அவர் பக்கவாத்தியம் வாசிக்கும்போது நானும் போய் முன்வரிசையில் இருந்திருக்கிறேன், யாருடைய முகத்தையும் அவர் இப்படி உற்றுப் பார்த்து வாசித்ததை நான் கண்டதில்லை. கடைசியில் லவீனா கிட்ட வந்து, “ஐயா, என்ரை கால் உங்களுக்குக் கேக்குதோ?” என்று கேட்டாள். அப்பா, “ஓமடி குஞ்சு, வடிவாக் கேக்குது” என்றார். அவருடைய குரல் அவ்வளவு மெதுவாக வந்து நான் கேட்டதே இல்லை.

நவராத்திரி முடிவில் நடக்கிற வாணி விழாவுக்கு முதலாம் வகுப்புப் பிள்ளைகளின் நிகழ்ச்சியை அப்பாவும் ஜெசிதாவும் சேர்ந்து பழக்கினார்கள். பிள்ளைகள் சுற்றி நடக்க அப்பா வாசித்தார், எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று மேடையில் அவர் இரண்டு கையையும் மிருதங்கத்தில் இருந்து எடுத்து மடியில் வைத்துவிட்டார். மேடையில் அப்படிச் செய்யப்போகிறார் என்று ஜெசிதாவுக்கும் தெரியாது. கை நோகிறதாக்கும் என்று நான் எழும்பிவிட்டேன். தாளம் நின்றால் சின்னதுகள் ஓடத் தொடங்கிவிடும், சபை சிரித்துவிடும் என்று பயந்தேன். ஒரு பொடியன் அவசரப்பட்டான்தான், பிறகு முன்னால் போன லவீனாவின் காலைப் பார்த்துத் தானே சரிப்படுத்திக்கொண்டான். மண்டபம் முழுக்க அந்தச் சின்னப் பாதங்களின் சத்தம் மட்டும்தான். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். சுற்று முடிய வந்தபோது கையைத் தூக்கி ஒரு தட்டுத் தட்டினார், அது அவர்களுடைய காலோடு பிசகாமல் ஒன்றாக விழுந்தது. பிறகுதான் சபை கைதட்டியது. லவீனாவின் தாய் என் கையைப் பிடித்தபடி நின்றார். வீட்டுக்கு வரும்போது, “ஏன் கையை எடுத்தனீங்கள்” என்று கேட்டேன். “நான் இல்லாமலும் அதுகளுக்கு ஓடுதோ எண்டு பாக்கவேணும் போலை இருந்தது. ஓடுது” என்றார். புது ரீச்சர் வந்துவிட்டார், ஆனாலும் அப்பா கிழமையில் ஒருநாள் போய்வருகிறார்.

நீ டொக்டர் தந்த குளிசையை நேரத்துக்குப் போடு, வேலை முடிந்து வந்து சமைக்காமல் பாணை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடாதே. மருமகனுக்கு இருமல் இருந்தால் கொத்தமல்லி அவித்துக் கொடு. செந்தூரன் ஆடி அசைந்து நடக்கிறான், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் பஸ்ஸுக்கு ஓடவேண்டியிருக்கிறது என்று அன்றைக்குச் சொல்லிக் குறைப்பட்டாய். வேலை நாளில் அப்படித்தான் ஓடவேண்டும், அது எனக்கும் விளங்குகிறது. ஆனால் மோனை, லீவு நாளில் ஒரு தரமாவது அவனை முன்னால் விட்டு, அவன் வைக்கிற அடிக்கு நீ அடி வைத்து நடந்து பார்.

பிள்ளையார் உங்கள் மூன்று பேரையும் நோய்நொடி அண்டாமல் காக்கட்டும், செந்தூரனின் இரண்டு கன்னத்துக்கும் அம்மம்மாவின் முத்தம்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா
நாகேஸ்வரி பஞ்சலிங்கம்