செவ்வாய்க்கிழமை வந்த கணக்கெடுப்பு

14-2-1996, புதன்
என் சலூனுக்கு எதிரே கெம்பம்மாவும் வளையல் கடையை மூடிவிட்டாள். மைசூரில் இத்தனை ஜனம் இருந்தும் எங்கள் சந்தைத் தெருவில் ஈ காக்கை இல்லை. மாநகராட்சிக்காரர்கள் தெருவை இடித்துக் கட்டி மறுபடி கூட்டம் வரவழைக்கப் போகிறார்களாம். இப்போது நடக்கிற கடைகளுக்கு மட்டும் புதுக் கட்டடத்தில் இடம். வியாபாரிகள் சங்கச் செயலாளர் நான்தானே? கணக்கெடுக்க வருகிறவருக்குச் சுற்றிக் காட்டும் வேலை என் தலையில்.

17-2-1996, சனி
கணக்கெடுக்கும் அதிகாரி என்றைக்கு வரட்டும் என்று கேட்டார். "செவ்வாய்க்கிழமை வாங்க சார், எனக்கு லீவு. கூடவே நடந்து காட்டறேன்" என்றேன். செவ்வாயில் யார் முடி வெட்டிக்கொள்கிறார்கள்? என்னுடையதோடு சேர்த்துத் தெருவின் நான்கு சலூன்களுக்கும் அன்று விடுமுறைதான்.

20-2-1996, செவ்வாய்
கடை கடையாக நின்று பெயர் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். கால் வலி. நல்ல மனுஷன்.

11-4-1996, வியாழன்
பட்டியல் ஒட்டிவிட்டார்கள். நான்கு சலூன்களும் 'மூடிய கடை'.
அட முட்டாப்பயலே! உன் லீவு நாளாப் பார்த்து நீயேதானடா கூட்டிட்டு வந்தே! பூட்டியிருந்ததைப் பூட்டியது என்றுதான் எழுதினேன் என்கிறார் அதிகாரி. அவர் வெளியூர். சலூனுக்குச் செவ்வாய் லீவு என்பது ஊருக்கே தெரியுமே என்று அன்று நான் அவரிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

12-4-1996, வெள்ளி
பக்கத்து சலூன் அய்யாவு அண்ணன். அவர் ஊரான ராமாபுரத்திலிருந்தே வந்த எனக்குக் கத்தி பிடிக்க இடம் கொடுத்தவர். "ஊர்க்கடையெல்லாம் காட்டுனியே சந்திரா, என்ற கடை முன்னால ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா?" என்றார்.

22-4-1996
மனு கொடுத்தோம்.

3-6-1996
பதில் இல்லை.

17-6-1996, திங்கள்
இடித்தார்கள். அண்ணன் சலூன் கண்ணாடியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு, ராமக்காள் அண்ணியோடு ராமாபுரம் பஸ் ஏறிவிட்டார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

4-9-1997, வியாழன்
புதுக் கடைத்தெரு திறந்தாயிற்று. சீரியல் விளக்கு, நாதஸ்வரம், நிற்க இடமில்லாத கூட்டம். கெம்பம்மாகூட மல்லிகைக் கூடையோடு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். தெரு பிழைத்துக்கொண்டது, பொய் சொல்லக் கூடாது. நான் பின்பக்கம் புங்க மரத்தடியில், ஒற்றை நாற்காலியோடு.

9-9-1997, செவ்வாய்
காலையிலேயே நாற்காலியைப் போட்டு, மரத்தில் கண்ணாடியை மாட்டினேன். "இவத்து மங்களவாரா அல்வா?" என்று சிரித்தாள் கெம்பம்மா. இன்றைக்குச் செவ்வாய் இல்லையா என்கிறாள். செவ்வாய்தான். தெரியும். ஒருவரும் வரவில்லை. பொழுது சாயும்வரை நானே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். யாராவது எழுத வந்தால், திறந்திருக்கிறது என்று எழுதட்டும்.