'கீது' என்று எழுதியதற்கு

டிசம்பர் 13, சனிக்கிழமை

நாளை தமிழ்த் தேர்வு. ஷிஃப்ட் முடித்து ஞாயிறு வகுப்புக்கு ஓடி ஓடிப் படித்த தொலைதூர பி.ஏ.வில் இது ஒன்றுதான் பாக்கி. பட்டம் முடிக்கப் பல்கலைக்கழகம் கொடுத்த காலக்கெடுவும் நாளையோடு தீர்கிறது.

போன முறை இரண்டு துறைமுகத் தொழிலாளர்கள் பேசுவதுபோல் உரையாடல் எழுதச் சொன்னார்கள். 'கப்பல் வந்துகீது மாமு' என்று தொடங்கினேன். விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்தால், ஒவ்வொரு 'கீது'வுக்கும் சிவப்பு வட்டம். ஓரத்தில் 'கொச்சை'. மதிப்பெண் பூஜ்யம். அதில்தான் தோற்றேன். முப்பது வருடமாகத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன். எப்படிப் பேசுவார்கள் என்று எனக்கா தெரியாது?

சாப்பிடும்போது என் மனைவி ஸ்டெல்லா ஆரம்பித்தாள். "இன்னாயா, நாளைக்கும் அதையே எழுதிட்டு வரப்போறியா?"

"அதே கேள்வி வந்தா அதே பதிலுதான்."

"வூட்ல எப்டி வேணா பேசு. பேப்பர்ல 'இருக்கிறது'ன்னு எழுதினா கை ஒடிஞ்சா பூடும்? டிகிரி வரட்டும், அப்பறம் அவுங்களாண்ட போயி சண்ட போடு."

அவள் சொல்வதிலும் தப்பில்லை. இப்போது எழுதிப் பார்த்தேன். 'நண்பா, கப்பல் வந்திருக்கிறது.' துறைமுக கேட்டுக்குள் இப்படிப் பேசுகிற ஒருவனை நான் பார்த்ததில்லை. அடித்தேன். மறுபடி எழுதினேன், மறுபடி அடித்தேன். கடைசியில் கீழே 'கப்பல் வந்துகீது மாமு' என்றே எழுதினேன்.

விளக்கை அணைக்கச் சொல்கிறாள். தாளில் அடிபடாமல் நிற்பது 'கீது' மட்டும்தான்.